திருப்பி வரைந்த சங்கு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் 'இந்த ஆள் ஏன் வாயைத் திறக்கவில்லை' என்று படிக்கிறவர்களுக்கு எரிச்சல் வரும்போது, சொல்லித்தானே வைத்தேன் என்று நான் நழுவிக்கொள்ளலாம். நழுவுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

எழுபதுகளின் நடுவில், புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த வருடங்களில், நான் தூத்துக்குடியில் போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். லாரிகளின் நெற்றியில் சாமி பெயர், வள்ளங்களின் பக்கவாட்டில் மாதா பெயர், கிளியரிங் ஏஜெண்டுகளின் ஆபீஸ் வாசலில் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. எந்தச் சாமியானாலும் எனக்கு ஒரே பெயிண்ட்தான். சொந்த ஊர் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைகிற கிராமம். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் தண்ணீரைக் குடிக்க முடியாது என்பதுதான்.

ஒரு பலசரக்கு மொத்தக்கடை அண்ணாச்சி அந்த வருஷக் காலண்டருக்குப் படம் கேட்டார். முருகனும் லட்சுமியும் எல்லாக் கடைக்காரனும் போடுகிறான், நம்ம ஊர்ப் படமாக இருக்கட்டும் என்றார். சங்கு குளிக்கிற ஆள் ஒருத்தன் கையில் சங்கோடு கடலைவிட்டு மேலே வருகிற மாதிரி. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். கடற்கரைக்குப் போய்ப் பார்த்து வரைய வேண்டியது முறை. போகவில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் அப்படியே அந்தப் படம் இருந்ததை நான் முன்பே கத்தரித்து வைத்திருந்தேன். கருப்பு வெள்ளைப் போட்டோ. மூழ்கி எழுந்த ஒரு மனிதர், இடது கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் சங்கைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அந்தச் சிரிப்பை என்னால் கற்பனையில் வரைந்திருக்கவே முடியாது. எடுத்தவர் இதே ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். தன் கடைக் கண்ணாடிக்குள் அதையே பெரிதாக்கி மாட்டியிருந்தார்.

போர்டு எழுதுகிற எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. யார் போட்டதென்று தெரியாது. வேதவாக்கு மாதிரி எல்லோரும் சொல்வோம். அடுத்தவன் படத்தில் மூன்று மாற்றம் செய்துவிட்டால் அது நம் படம். நானும் மூன்று செய்தேன். இடுப்புத் துணியைச் சிவப்பாக்கினேன். வெறும் தண்ணீராக இருந்த பின்புறத்தில் சூரியனை உதிக்க வைத்தேன். மூன்றாவதுதான் எனக்குப் பெருமையான மாற்றம்: போட்டோவின்மேல் எண்ணெய்த் தாளை வைத்துக் கோடுகளை எடுத்து, தாளை மறுபுறம் திருப்பிப் போட்டு வரைந்துவிட்டேன். வலது கை இடது கையாயிற்று, இடது வலதாயிற்று. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி முழுப்படமும் திரும்பி நின்றது. இனி எவன் கேட்பான் என்று மீசையை முறுக்கிக்கொண்டேன். முறுக்குகிற அளவுக்கு மீசை இல்லை என்பது வேறு விஷயம்.

காலண்டர் சிவகாசியில் அச்சாகி, மார்கழி நடுவில் ஊரெங்கும் தொங்கியது. டீக்கடை, சவரக்கடை, உப்பள ஆபீஸ், துறைமுகத்து கேட்டில் காவலர் உட்காரும் கூண்டு. நாலாம் நாள் ஸ்டூடியோக்காரர் என் கொட்டகைக்கு வந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். கையில் காலண்டரைச் சுருட்டி வைத்திருந்தார்.

"இது எம் படம்லா வே?"

நான் தூரிகையைக் கழுவுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"அந்தப் போட்டோவுக்கு நாலு நாளு வள்ளத்துல போயி வாந்தி எடுத்துக் கெடந்திருக்கேன். நீரு நிழல்ல உக்காந்து களவாண்டிருக்கீரு. கோர்ட்டுல நிறுத்தாம விடமாட்டேன்."

என் குடும்பத்தில் கோர்ட் வாசலை மிதித்தவர் ஒரே ஒரு சித்தப்பா. வரப்புத் தகராறில் போனவர், திரும்பி வரும்போது வரப்பும் இல்லை, வயலும் இல்லை. அந்த நினைப்பில் என் வாய் தானாகப் பேசியது.

"அண்ணாச்சி, நான் நேர்ல பாத்து வரைஞ்சது. கடற்கரைல அவரு இப்படித்தான் வந்தாரு. உங்க படத்துல வலது கை. எம் படத்துல பாருங்க, இடது கை. வேற நாளு, வேற நேரம்."

அவர் "நேர்ல பாத்தீராக்கும்?" என்று மட்டும் கேட்டார். போய்விட்டார். திட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவைத் தேடிப் போனேன். அவர் வீட்டு வாசலுக்கு நான் போர்டு எழுதியிருந்தேன். யாரோ ஒரு நண்பனுக்குக் கேட்கிற மாதிரிதான் ஆரம்பித்தேன். இரண்டாவது கேள்வியிலேயே நண்பன் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"போட்டோ எடுத்தவனுக்குத்தான் வே அதுல உரிமை. அவன்கிட்ட கேக்காம அதப் பாத்து வரைஞ்சு அச்சடிக்கக் கூடாது" என்றார்.

"நான் போட்டோவ அச்சடிக்கலையே. கையாலல்லா வரைஞ்சேன்?"

"கையால வரைஞ்சா என்ன, காலால வரைஞ்சா என்ன? எடுத்தது அவன் படத்துலருந்துதானே?"

"மூணு மாத்து மாத்தியிருக்கேன்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். "மூணு மாத்தா? எந்தச் சட்டத்துல வே இருக்கு? ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சா, பாக்குறவன் இது அதுலருந்து எடுத்ததுன்னு சொல்லிரக் கூடாது. அதான் கணக்கு. சொல்லிட்டான்னா நீரு மாட்டுனீரு. நஷ்டஈடு கேக்கலாம். தெரிஞ்சே செஞ்சதுன்னு ருசுவானா ஒரு வருசம் வரைக்கும் உள்ள போடவும் சட்டத்துல எடம் இருக்கு."

ஒரு வருசம். அவருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "அதே ஆள நீரே கடற்கரைல பாத்து வரைஞ்சிருந்தா எவனும் ஒண்ணும் கேக்க முடியாது. கடலும் சங்கும் எவன் பாட்டன் சொத்தும் இல்ல. நேர்ல பாத்தேன்னு சொல்லிட்டீருல்லா? அதையே கெட்டியாப் பிடிச்சுக்கிடும்."

கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டேன். மூழ்குகிறவன் எதைப் பிடித்தாலும் கெட்டியாகத்தான் பிடிப்பான். டீக்கடையில் சொன்னேன். மொத்தக்கடை அண்ணாச்சியிடம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். எந்த இடம், எத்தனை மணி, வெயில் எந்தப் பக்கம் என்றெல்லாம் சேர்த்துச் சொன்னதில், ஒரு கட்டத்தில் எனக்கே அங்கு நின்றது போல ஞாபகம் வர ஆரம்பித்தது.

ஒரு வாரம் கழித்து, காலை பத்து மணி இருக்கும், சர்க்கார் ஆட்கள் இரண்டு பேர் கொட்டகைக்கு வந்தார்கள். ஒருவர் கையில் பைல், மற்றவர் கையில் அந்தக் காலண்டர். காலண்டரைப் பார்த்ததும் முடிந்தது கதை என்று நினைத்தேன். ஸ்டூடியோக்காரர் வேலையைக் காட்டிவிட்டார்.

"இத வரைஞ்சது நீங்கதானா?"

"ஆமா."

"எதப் பாத்து வரைஞ்சீங்க?"

"நேர்ல சார். கடற்கரைல."

"இந்த ஆளையே பாத்தீங்களா? கையில இருக்க இந்தச் சங்கையும் பாத்தீங்களா? இல்ல, சங்க மட்டும் நீங்களாச் சேத்துக்கிட்டீங்களா?"

இவர்கள் பொறி வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஏதாவது ஒன்றைக் கற்பனை என்று ஒப்புக்கொண்டால், மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும். "எல்லாம் கண்ணால பாத்தது சார். சங்கக் கிட்டப் போயிப் பாத்து வரைஞ்சேன். ஒரு கோடு நானாப் போடல" என்றேன். அவர் அதை அப்படியே எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். போட்ட பிறகு அவர்கள் என்னிடம் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டுப் போனது எனக்கு விளங்கவில்லை. கைது செய்ய வந்தவன் எங்காவது நன்றி சொல்வானா?

மத்தியானம் டீக்கடையில் விளங்கியது. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற ஒருவர், கடற்கரைத் தெருக்காரர், சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வலம்புரில்லா வச்சிருக்கான். கைல வலம்புரி. படத்துல எவ்வளவு தெளிவா இருக்கு பாருல."

அந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. கடலில் எடுக்கிற சங்கெல்லாம் இடம்புரி. சுழி ஒரே பக்கமாகத்தான் போகும். லட்சத்தில் ஒன்று எதிர்ப்பக்கம் சுழிக்கும், அது வலம்புரி. கிடைத்தவன் வாழ்க்கை மாறிவிடும் என்பார்கள். நான் கோயிலில் சங்கு ஊதிக் கேட்டிருக்கிறேன், சாவு வீட்டில் ஊதிக் கேட்டிருக்கிறேன். சுழி எந்தப் பக்கம் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. தாளைத் திருப்பிப் போட்டபோது ஆளின் கை மட்டும் திரும்பவில்லை. சங்கும் திரும்பிவிட்டது.

அதோடு போகவில்லை. அந்தக் காலத்தில் சங்கு குளிப்பது சர்க்காருக்கு மட்டுமே உரிய தொழில். குளிக்கிறவர்களுக்குப் பாஸ் கொடுத்திருப்பார்கள். எடுத்த சங்கையெல்லாம் கரைக்கு வந்ததும் சர்க்கார் கொட்டகையில் ஒப்படைத்துவிட வேண்டும். வலம்புரியை ஒளித்து விற்றால் திருட்டு. அந்தப் பருவத்தில் வலம்புரி ஒன்றும் ஒப்படைக்கப்படவில்லை. காலண்டரிலோ, உடைந்த பல் தெரிய ஒரு மனிதர் அதைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார். மூட்டைக்காரரே மிச்சத்தையும் சொன்னார்.

"மொதல்ல சங்கு ஆபீசர் நம்பலயாம். படந்தானேன்னு விட்டுட்டாராம். சங்கப் பத்தி ஒண்ணும் தெரியாத ஆர்ட்டிஸ்டு வலம்புரியக் கற்பனையாவா வரைவான்? பாத்ததத்தான் வரைஞ்சிருப்பான்னு யாரோ சொன்ன பொறகு ஆள் அனுப்பிக் கேட்டிருக்காரு. அவனும் கண்ணால பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டானாம். சங்கு குளிக்கிறவன் பாஸ வாங்கி வச்சுக்கிட்டாங்க. இனி அவன் கடல்ல எறங்க முடியாது."

டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு குறுகுறுக்கவில்லை, நின்றுவிடும் போலிருந்தது. உடனே ஓடிப்போய் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம் குமாஸ்தாவின் குரல் கேட்டது: தெரிஞ்சே செஞ்சதுன்னு ருசுவானா. உண்மையைச் சொல்வதென்றால் போட்டோவைப் பார்த்துத் திருப்பி வரைந்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைவிட வேறு ருசு ஸ்டூடியோக்காரருக்கு எதற்கு? போதாக்குறைக்கு, காலையில்தான் சர்க்கார் காகிதத்தில் பொய்யை எழுதவைத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். அந்த மனிதரைக் காப்பாற்றப் போனால் நான் உள்ளே போவேன் என்று முடிவுகட்டினேன். போகவில்லை.

மூன்றாம் நாள் அவரே வந்தார். நான் அவரை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கையால் அங்குலம் அங்குலமாக வரைந்த முகம், கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. படத்தில் இருந்ததைவிட வயது கூடுதல். காதோரம் நரைத்திருந்தது. பல் மட்டும் அதே இடத்தில் உடைந்திருந்தது. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஏணிப்பக்கம் ஒதுங்கினேன்.

"தம்பி, என்னய என்னைக்குப் பாத்தீரு?" என்று கேட்டார்.

குரலில் கோபமே இல்லை. அவர் நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கவில்லை. நேரில் பார்த்து, தெரியாமல் சுழியை மாற்றி வரைந்துவிட்டேன் என்று நம்பி வந்திருந்தார்.

"தேதி ஞாபகம் இல்ல அண்ணே."

"பரவால்ல. நீரு கடக்கரை ஆளு இல்ல, உமக்குத் தெரியாது. நா எடுத்ததெல்லாம் இடம்புரிதான். மாதா சத்தியம். கோடு மாறிப் போச்சுன்னு ஆபீசுல வந்து ஒரு வார்த்த சொல்லிரும் தம்பி. இந்தப் பருவம் போச்சுன்னா எனக்கு வேற தொழில் தெரியாது. கூடக் குளிக்கிறவங்க மூஞ்சியக் குடுத்துப் பேச மாட்டேங்காங்க. அவங்களுக்குத் தெரியாம ஒளிச்சுட்டேன்னு நெனைக்காங்க."

"நாளைக்குக் காலைல வாரேன் அண்ணே" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உப்பில் ஊறிய கை, மரப்பட்டை மாதிரி இருந்தது. மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. வேலை இருக்கிறது என்று புதுத் துறைமுகத்தில் கிரேன் ஒன்றுக்கு நம்பர் எழுதப் போய்விட்டேன். அங்கே காவலர் கூண்டில் அந்தக் காலண்டர் தொங்கியது. எங்கே போனாலும் அந்த உடைந்த பல் எனக்கு முன்னால் போய்ச் சிரித்துக்கொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. காக்கிச் சட்டை போட்ட தபால்காரரைப் பார்த்துக்கூட ஒரு தடவை லாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரிந்தது.

நான் கையெழுத்துப் போட்ட பதினோராம் நாள் மூட்டைக்காரர் சொன்னார். விசாரணையைப் போலீசுக்கு மாற்றப் போகிறார்கள். சங்கு குளிக்கிறவர் வீட்டில் பானை சட்டியெல்லாம் கவிழ்த்துத் தேடியிருக்கிறார்கள். வீட்டம்மா தெருவில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கேட்டதும் எனக்கு வீரம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. போலீஸ் வந்தால் என்னிடமும் வரும், அவர்கள் கேட்டால் நான் உளறிவிடுவேன், அதற்கு நானே போய்ச் சொல்வது மேல் என்று தோன்றியது. ஒரு பயத்தை இன்னொரு பெரிய பயம் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

பத்திரிகைத் துண்டையும் எண்ணெய்த் தாளையும் எடுத்துக்கொண்டு சங்கு ஆபீசுக்குப் போனேன். அதிகாரியின் மேஜையில் போட்டோவை வைத்து, அதன்மேல் தாளை வைத்தேன். கோட்டின்மேல் கோடு உட்கார்ந்தது. பிறகு தாளைத் திருப்பினேன். காலண்டர். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார். தாளைத் தானே இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"இதச் சொல்லுறதுக்கா பதினோரு நாளு?" என்றார்.

ஸ்டூடியோக்காரரை மூலப் போட்டோவோடு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முன்னாலேயே நான் எழுதினேன்: இன்னார் எடுத்த போட்டோவை அவர் அனுமதி இல்லாமல் பார்த்துத் திருப்பி வரைந்தேன், நேரில் பார்த்ததாகச் சொன்னது பொய், சங்கு இடம்புரி. ஒவ்வொரு சொல் எழுதும்போதும் ஒரு வருசம், ஒரு வருசம் என்று காதுக்குள் அடித்தது. கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை. ஸ்டூடியோக்காரர் அதைப் படித்து, ஒரு நகல் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன். "வழக்குப் போடப் போறீங்களா அண்ணாச்சி?"

"நா அன்னைக்கே இது எம் படம்னு சொன்னேன். நீரு ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த மனுசன் வீட்டுப் பானைய எவனும் உருட்டியிருக்க மாட்டான்" என்றார். வழக்கும் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் ஸ்டூடியோவை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போகிறவரை நான் அந்தத் தெருவில் நடந்ததில்லை.

பாஸை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியாக இரண்டு வேளை சாப்பிட்டேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பங்குனியில் ஒரு நாள் துறைமுகத்துக்குள் போர்டு மாட்டப் போனபோது, நிலக்கரி இறக்குகிற ஆட்களின் வரிசையில் அவர் நின்றார். தலையில் சாக்கு, முகமெல்லாம் கரி. பல்லை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பருவம் முடிய இன்னும் நாள் இருந்தது. கடலில் இருக்க வேண்டிய மனிதர்.

"அண்ணே, பாஸ் குடுத்துட்டாங்கல்லா? குளிக்கப் போகலயா?"

"தனியாவா தம்பி குளிக்க முடியும்? கீழ போனவனுக்கு மேல கயறு பிடிக்க ஆளு வேணும்லா. எனக்குப் பிடிக்க ஒருத்தனும் வரமாட்டேங்கான். வலம்புரியில உமக்கும் பங்கு குடுத்து மாத்தி எழுத வச்சிட்டேன்னு சொல்லுதாங்க."

"நான் வந்து உண்மைய எழுதிக் குடுத்தேனே அண்ணே!"

வரிசை நகர்ந்தது. அவர் சாக்கை இழுத்துச் சரிசெய்துகொண்டார். என்மேல் அப்போதும் அவருக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"குடுத்தீரு தம்பி, ஆபீசர் நம்பிட்டாரு. ஆனா ஊருல எல்லாரும் நீரு மொதல்ல சொன்னதத்தான் நம்புதாங்க. அத அவ்வளவு உறுதியாச் சொல்லிட்டீரு."